தனக்குத் தானே ஜோடி

ஆவுடைச்செல்விக்கு அழகு தெரியாது என்று அரசாங்கமே எழுதிக் கொடுத்திருந்தது. அடையாள அட்டையில் பெயர், பிறந்த தேதி, ரத்த வகை, அதற்குக் கீழே நயம்: 0. மூன்று முறை சோதித்தார்கள். மூன்று முறையும் சுழிதான். மூன்றாவது தடவை மெஷின் பழுதாக இருக்குமோ என்று பக்கத்து அறை வாட்ச்மேனைப் பிடித்து உட்கார வைத்துப் பார்த்தார்கள். அவருக்குப் பன்னிரண்டு வந்தது.

நயமானி வந்து பதினெட்டு வருடமாகிறது. அதற்கு முன்னால் பெரிய தொல்லை ஒன்று இருந்தது. கணிதத் தேற்றங்களுக்கு மெஷின்கள் நிரூபணம் எழுத ஆரம்பித்திருந்தன. ஒவ்வொன்றும் லட்சக்கணக்கான வரி. சரியா தப்பா என்று படித்துப் பார்க்க மனிதனுக்கு ஆயுள் போதாது. படித்துப் பார்க்காமல் அதை நம்பிப் பாலம் கட்டவும் பயம். அப்போதுதான் யாரோ ஒரு விஷயத்தைக் கவனித்தார்கள். நல்ல நிரூபணத்தின் சுருக்கத்தைப் பார்க்கும் கணிதக்காரனுக்கு, நெற்றிக்குப் பின்னால் ஓர் இடத்தில் சின்னதாக ஏதோ எழும்புகிறது. நல்ல பாட்டு கேட்டால் எழும்பும் அதே இடம். நெற்றியில் ஒரு பட்டையைக் கட்டி அதை அளந்தார்கள். எண்பதுக்கு மேல் வந்த நிரூபணம் ஒன்றுகூடப் பிற்பாடு தப்பாகவில்லை. ஒரு வருடம் பார்த்தார்கள், மூன்று வருடம் பார்த்தார்கள், பிறகு சட்டமாகவே போட்டுவிட்டார்கள். எண்பதுக்கு மேல் என்றால் வரி பார்க்கத் தேவையில்லை. அழகாக இருக்கிறதா, முத்திரை குத்து.

எண்பதுக்குக் கீழே வருவதையும் யாராவது பார்க்க வேண்டுமே. அதற்காக வைத்திருந்த ஆட்களுக்கு வரி பார்ப்பவர்கள் என்று பெயர். தூத்துக்குடியில், துறைமுகத்துக்குப் போகும் ரோட்டில், தென்மண்டல நிரூபண அவையின் மூன்றாவது மாடியில் அப்படி ஆறு பேர் இருந்தார்கள். ஐந்து பேர் வேறு வேலை கிடைக்கும்வரை இருந்தவர்கள். ஆவுடை பதினான்கு வருடமாக இருந்தாள்.

அவளிடம் யாரும் கொடுமையாக நடந்துகொள்ளவில்லை. அதற்குத் தேவையும் இருக்கவில்லை. பாயசமும் கஞ்சியும் அவளுக்கு ஒன்றுதான் என்று கேண்டீனில் சிரிப்பார்கள். அவள் பாயசத்தை இரண்டு டம்ளர் குடிப்பாள் என்பது யாருக்கும் தெரியாது. முப்பத்தோரு வயதில் ஒரு வரன் வந்தது. பையனின் அம்மா அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டு, "எம்புள்ளையப் பாத்தாலாவது அழகுன்னு தெரியுமாம்மா உனக்கு?" என்று கேட்டாள். ஆவுடை பையனை ஒருமுறை நன்றாகப் பார்த்தாள். பார்த்துவிட்டு உண்மையைச் சொன்னாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

இந்தக் கதை ஒரு விழா மலரில் ஆரம்பிக்கிறது.

கோவில்பட்டிப் பக்கம் கருங்காலிப்பட்டி என்ற ஊர்தான் அவளுக்குச் சொந்த ஊர். கடல் தண்ணீரை நன்னீராக்கி மேட்டு நிலத்துக்கு ஏற்றும் வட்டக் குழாய்த் திட்டத்தில், முப்பத்துமூன்று ஊருக்குத் தண்ணீர் வந்துவிட்டது. முப்பத்துநான்காவது மோட்டார் ரூம் இவர்கள் ஊரில். ஒன்பது வருடம் மனு கொடுத்து வாங்கியது. அதில் ஆபரேட்டர் வேலை ஆவுடையின் அண்ணன் சுடலைமணிக்குக் கிடைத்திருந்தது. நாற்பத்துநான்கு வயதில் முதல் உத்தியோகம். திறப்பு விழாவன்று வால்வு தொட்டிக்குள் இறங்கிக் கைச்சக்கரத்தைத் திருப்பப் போவது அவன்தான். புதுச் சட்டை தைக்கக் கொடுத்தாயிற்று.

அவன்தான் போன் பண்ணினான். விழா மலருக்கு ஒரு பக்கம் எழுதித் தர வேண்டும். இத்தனை மோட்டார் ஒரே குழாயில் ஓடியும் குழாய் ஏன் வெடிப்பதில்லை என்று ஊர் ஜனத்துக்குப் புரிகிற மாதிரி. ஊரில் கணக்குப் படித்தவள் அவள் ஒருத்திதான்.

ஒரு பக்கம்தானே என்று ஆவுடை ஒத்துக்கொண்டாள்.

குழாய் ஏன் வெடிப்பதில்லை என்பதற்குப் பதில் வட்டத் தேற்றம். மெஷின் கொடுத்த பல்லாயிரம் நிரூபணங்களிலிருந்து பொறுக்கியெடுத்து, ஒன்றேகால் பக்கத்துக்குச் செதுக்கி வைத்தவர் பேராசிரியர் செய்யது மீரான். நயம் தொண்ணூற்றேழு. அவையின் வரவேற்பறையில் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருந்தது. தொண்ணூற்றேழு வந்ததால் அது மூன்றாவது மாடிக்கு வந்ததே இல்லை. ஆவுடை மதியச் சாப்பாட்டு நேரத்தில் கீழே போய், சட்டத்துக்கு முன்னால் நின்றுகொண்டு, தயிர்சாத டப்பாவும் கையுமாக அதை நோட்டில் எழுதி எடுத்தாள்.

விஷயம் இதுதான். மோட்டார் ஒவ்வொன்றும் ஓட ஆரம்பிக்கும்போது குழாய்த் தண்ணீரில் ஓர் அதிர்வைக் கிளப்பும். முப்பத்துநான்கு மோட்டாரின் அதிர்வும் ஏற்றமும் இறக்கமுமாக ஒரு வரிசையாகச் சுற்றி வரும். ஆனால் கவலை இல்லை என்கிறது தேற்றம். எந்த வரிசை உருவானாலும், அதைத் திருப்பிப் போட்டு, ஏற்றத்தை இறக்கமாகவும் இறக்கத்தை ஏற்றமாகவும் மாற்றினால் ஒரு கண்ணாடி வரிசை கிடைக்கும். அதுவும் குழாயில் எதிர்த்திசையில் வந்துகொண்டிருக்கும். இரண்டும் சந்திக்கும், ஒன்றை ஒன்று அழிக்கும், குழாய் அமைதியாகும். எத்தனை மோட்டார் சேர்த்தாலும் இதேதான்.

பதினான்காவது வரியில் ஆவுடை நின்றாள். ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு ஜோடி உண்டு.

ஊர் ஜனத்துக்கு இதை எப்படிச் சொல்வது? கல்யாண வீட்டுப் பந்தியை உதாரணமாக எழுதிப் பார்த்தாள். எல்லோரும் ஜோடியாக வந்து உட்காருகிறார்கள். எழுதும்போதே, தனியாக வந்தவன் எங்கே உட்காருவான் என்று தோன்றியது. திருப்பிப் போட்டாலும், ஏற்ற இறக்கம் மாற்றினாலும், பழையபடி தன் முகமாகவே வந்து நிற்கும் ஒரு வரிசை இருந்தால்? அதற்கு ஜோடி யார்? அதை அழிக்க எதிரே யார் வருவார்கள்? யாரும் வராவிட்டால் அது சுற்றிச் சுற்றி வந்து தன் மேலேயே ஏறிக்கொண்டு போகும்.

இதெல்லாம் யோசிக்காமலா இருப்பார்கள் என்றுதான் முதலில் நினைத்தாள். தேடிப் பார்த்தாள். யாரும் யோசிக்கவில்லை. யோசிக்கத் தேவையில்லாத அளவுக்கு அந்த வரி நன்றாக இருந்தது.

விழா மலர் பக்கம் அப்படியே கிடந்தது. அடுத்த பதினொரு நாள் அவள் வேறு ஒரு வேலை செய்தாள். தனக்குத் தானே ஜோடியான வரிசைகளை ஒவ்வொன்றாக எடுத்து, இது குழாயில் உண்மையில் உருவாகுமா என்று பார்த்தாள். குறுக்கு வழி கிடையாது. இந்த நிலை, அதில் மூன்று கிளை, ஒவ்வொரு கிளையிலும் ஏழு சில்லறை உட்கிளை. சாக்கடை அள்ளுவது போன்ற கணக்கு. முப்பத்துமூன்று மோட்டார் வரை அப்படி எதுவும் உருவாக முடியாது என்று வந்தது. அதனால்தான் இத்தனை வருடம் எந்தக் குழாயும் வெடிக்கவில்லை. முப்பத்துநான்கில் ஒன்று உருவாகும். ஒன்றே ஒன்று. நாற்பத்தாறாவது பக்கத்தில் அது உட்கார்ந்திருந்தது.

அது போய் மோதும் இடத்தையும் கணக்குப் போட்டாள். கருங்காலிப்பட்டி வால்வு தொட்டி. நேரம், மோட்டார்கள் ஓடத் தொடங்கி நாலு நிமிடம் பத்து விநாடி. வழக்கமாக ஓடும் அழுத்தம் ஒன்பது, குழாய் தாங்கும் அழுத்தம் இருபது. வரப்போவது முப்பத்துமூன்று. தொட்டிக்குள் அந்த நேரத்தில் புதுச் சட்டை போட்டுக்கொண்டு சுடலைமணி நிற்பான்.

விழாவுக்கு ஒன்பது நாள் இருந்தது.

அவைத் தலைவர் தேவசகாயம் கெட்ட மனிதர் இல்லை. விதிமுறைகளை மனப்பாடமாக வைத்திருப்பவர். ஆவுடையின் நாற்பத்தாறு பக்கத்தை வாங்கி, மூன்று உறுப்பினர்களின் நெற்றியில் பட்டையைக் கட்டிப் படிக்கக் கொடுத்தார். நயம் மூன்று வந்தது. ஓர் உறுப்பினர் பாதியில் கொட்டாவி விட்டார். எண்பதுக்குக் கீழ் வந்தால் அது வரி பார்க்கும் வரிசையில் போய் நிற்க வேண்டும். வரிசை எட்டு மாதத்துக்கு நின்றது. அதோடு இன்னொரு விதியும் இருந்தது. எண்பதுக்கு மேல் வாங்கிய நிரூபணத்துக்கு எதிராகக் கையெழுத்துப் போட, போடுகிறவருக்குக் குறைந்தது நாற்பது நயம் வேண்டும்.

"நாற்பதும்மா," என்றார் தேவசகாயம். "உங்களுக்கு ஒண்ணு இருந்தாக்கூட நான் கவர்மென்ட்டுக்கு எழுதிக் கேப்பேன். சுழிய வச்சிக்கிட்டு நான் என்ன பண்ண?"

அழகு தெரிந்தவர்களுக்குத்தான் தப்பு கண்டுபிடிக்க உரிமையா என்று கேட்டாள் ஆவுடை. அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, விதி அப்படித்தான் சொல்கிறது என்றார்.

சேதி ஊருக்குப் போய்விட்டது. எப்படிப் போனது என்பது முக்கியமில்லை, இம்மாதிரிச் சேதிகள் போய்விடும். காலையில் அவள் இட்லி ஊற்றிக்கொண்டிருந்தபோது சுடலைமணி போன் பண்ணினான். அவன் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"ஏட்டி, ஊருக்குள்ள என்ன சொல்லுதாங்க தெரியுமா? தண்ணி வர்ற நேரத்துல சொந்தத் தங்கச்சியே மண்ணள்ளிப் போடுதாளாம்."

"நீ தொட்டிக்குள்ள இறங்காதண்ணே. அது போதும் எனக்கு."

"இறங்கலைன்னா இன்னொருத்தன் இறங்குவான். அவனுக்கு வேலையக் குடுத்துருவாங்க." பிறகு குரலைத் தணித்தான். "அந்த மீரான் சார் எவ்வளவு பெரிய மனுசரு. அவருக்குத் தெரியாதது உனக்குத் தெரிஞ்சிருச்சா?"

அவளுக்குப் பதில் இருந்தது. ஆனால் அதைச் சொல்ல வேண்டிய ஆள் அண்ணன் இல்லை. இட்லிச் சட்டியை இறக்கி வைத்துவிட்டுக் காயல்பட்டினத்துக்குப் பஸ் ஏறினாள்.

செய்யது மீரானுக்கு அறுபத்தைந்து வயது. வீட்டு முன்னறையில் புத்தகங்களுக்கு நடுவில் பனியனோடு உட்கார்ந்திருந்தவர், பெண்பிள்ளை வந்திருப்பதைப் பார்த்து உள்ளே போய்ச் சட்டை மாட்டிக்கொண்டு வந்தார். டீ வரச் சொன்னார். அவள் வந்த விஷயத்தைச் சொன்னதும் அவர் முகத்தில் கோபம் வரவில்லை. பரிதாபம் வந்தது. அது அதைவிட மோசம்.

அந்த நிரூபணத்தை முதன்முதலில் பார்த்த அன்று தாம் அழுததாகச் சொன்னார். முப்பது வருடக் கணிதத்தில் அப்படி ஒரு நாள் வந்ததில்லை. எல்லாவற்றுக்கும் ஒரு துணை இருக்கிறது, எதுவும் தனியாக விடப்படவில்லை என்று அந்த ஒன்றேகால் பக்கம் சொல்கிறது. அதைப் பார்த்துவிட்டுப் போய், பத்து வருடமாகப் பேசாதிருந்த தம்பி வீட்டுக் கதவைத் தட்டினாராம்.

"உங்களுக்கு அது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியல," என்றார். "தப்பா எடுத்துக்காதீங்க. பிறவியிலேயே இல்லாத ஒண்ணு."

"பரவால்ல சார். ஒரு வரிசை தாரேன். அதுக்கு ஜோடி எதுன்னு மட்டும் எழுதிக் காட்டுங்க, போயிடுதேன்."

நாற்பத்தாறாம் பக்கத்திலிருந்த வரிசையைத் தாளில் எழுதி நீட்டினாள். முப்பத்துநான்கு குறிகள், ஏற்றமும் இறக்கமுமாக. மீரான் சிரித்துக்கொண்டே பேனாவை எடுத்தார். கடைசியிலிருந்து திருப்பி எழுதினார். ஏற்றங்களை இறக்கமாக்கினார், இறக்கங்களை ஏற்றமாக்கினார். எழுதி முடித்துவிட்டு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். எங்கோ தவறியிருக்கும் என்று சொல்லிவிட்டு இன்னொரு தாள் எடுத்தார். இந்தத் தடவை ஒவ்வொரு குறியாக விரல் வைத்து எழுதினார். மறுபடியும் அதே வரிசைதான் வந்தது.

டீ ஆறிப்போய் ஆடை கட்டியது.

"இப்படி ஒண்ணு குழாய்ல உருவாகாது," என்றார்.

"முப்பத்துமூணு வரைக்கும் உருவாகாது. உருவாகாதுன்னு நீங்க எங்கயும் காட்டல, நான் காட்டிருக்கேன், முதல் முப்பத்தெட்டு பக்கம். முப்பத்துநாலுல உருவாகும். அது மிச்ச எட்டுப் பக்கம்."

அவர் அந்த எட்டுப் பக்கத்தைப் படித்தார். வெளியே மீன்காரர் மணியடித்துக்கொண்டு போனார், பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் போயின, அவர் தலை நிமிரவில்லை. நெற்றியில் பட்டை கட்டியிருந்தால் மூன்றுகூட வந்திருக்காது. ஓரிடத்தில் முகம் சுளித்தார். ஓரிடத்தில் பின்னால் புரட்டிச் சரிபார்த்தார். ஆவுடை காத்திருந்தாள். தன் எழுத்தை ஒருவர் வரி வரியாகப் படிப்பதை அவள் அதுவரை பார்த்ததில்லை.

முடித்ததும் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"இந்தப் பதினாலாவது வரிய நான் ஆயிரம் தடவ பாத்திருப்பேன். பாத்தாலே மனசு நெறைஞ்சிரும். நெறைஞ்சதுக்கப்புறம் எவன் கேள்வி கேட்பான்?" ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு கேட்டார். "நீங்க எப்படி அங்க நின்னீங்க?"

"விழா மலருக்கு எழுதணும்னு நின்னேன்."

அவர் சத்தமாகச் சிரித்துவிட்டார். பிறகு உள்ளே போய்ச் செருப்பு மாட்டிக்கொண்டு வந்தார். மீரானின் நயம் தொண்ணூற்றிரண்டு. அவர் கையெழுத்துப் போட்டால் அவை கேட்டாக வேண்டும். பஸ்ஸில் வரும்போது, கண்டுபிடிப்பு அவளுடையதாக இருக்கத் தன் பெயரைப் போடுவது நியாயமா என்று அவர் குழம்பினார். யார் கையெழுத்து என்று குழாய் பார்க்காது, போடுங்கள் என்றாள் ஆவுடை.

தேவசகாயம் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். ஒரு பக்கம் தொண்ணூற்றேழு. இன்னொரு பக்கம் மூன்று. தொண்ணூற்றேழுக்குச் சொந்தக்காரரே மூன்றின் பக்கம் வந்து நிற்கிறார். இதற்கு விதி இல்லை. விதி இல்லாத இடத்தில் அவர் கொஞ்சம் மனிதரானார். மூன்றில் ஒரு பங்கு அழுத்தத்தில், தொட்டியில் ஆள் இல்லாமல் ஓட்டிப் பார்த்துவிடலாம் என்றார். மீரானின் தேற்றப்படி முள் மூன்றிலேயே நிற்க வேண்டும். ஆவுடையின் கணக்குப்படி நாலு நிமிடம் பத்து விநாடியில் பதினொன்றுக்குப் போக வேண்டும்.

விழாவுக்கு ஐந்து நாள் முந்தி, காலை பத்து மணிக்கு, கருங்காலிப்பட்டி மோட்டார் ரூம் முன்னால் ஊரே நின்றது. யாரும் ஆவுடையிடம் பேசவில்லை. சுடலைமணி மட்டும் பக்கத்தில் வந்து, தப்பாயிட்டா பஸ் ஸ்டாண்டுக்கு நானே கொண்டுபோய் விடுதேன், பின்வழியாப் போயிரலாம் என்று மெதுவாகச் சொன்னான். அழுத்தம் காட்டும் மீட்டரை வெளியே சுவரில் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி மாட்டியிருந்தார்கள்.

மோட்டார்கள் ஓடின. முள் மூன்றில் நின்றது. ஒரு நிமிடம். இரண்டு. மூன்றாவது நிமிடத்தில் கூட்டத்தில் யாரோ, "ஜோடி இல்லாத பொம்பளைக்கு ஜோடி இல்லாததுதான் கண்ணுல படும்," என்றார்கள். சிலர் சிரித்தார்கள். முள் மூன்றிலேயே நின்றது. நாலாவது நிமிடம் முடிந்தது. ஆவுடை முள்ளைப் பார்க்கவில்லை, கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எட்டு, ஒன்பது.

பத்தாவது விநாடியில் தரைக்கடியில் யாரோ சம்மட்டியால் அடித்த மாதிரி ஒரு சத்தம் கேட்டது. முள் பதினொன்றுக்குத் தாவியது. மீட்டர் கண்ணாடி குறுக்கே விண்டது. தொட்டி மூடி ஒரு சாண் எழும்பி விழுந்தது. பிறகு மோட்டாரை நிறுத்தினார்கள்.

சுடலைமணி தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தான். தான் நிற்க வேண்டிய இடத்தைப் பார்த்தான். பிறகு கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி, "இப்பப் பேசுங்கலே," என்றான். அவன் தங்கச்சி கையைப் பிடித்துக்கொண்டான், சின்ன வயதில் ரோடு தாண்டப் பிடிக்கிற மாதிரி.

தண்ணீர் வராதா என்றுதான் அடுத்த கேள்வி. வரும் என்றாள் ஆவுடை. நாற்பத்தாறு பக்கத்துக்குப் பின்னால் ஒன்றரைப் பக்கம் தனியாக வைத்திருந்தாள். முப்பத்துநான்காவது மோட்டாரை மட்டும் ஏழு விநாடி தாமதமாக ஓடவிட வேண்டும். வரிசை கோணலாகிவிடும், தனக்குத் தானே ஜோடியாக முடியாது. ஏன் ஏழு, ஆறு ஏன் ஆகாது என்பதற்கு அழகான காரணம் எதுவும் இல்லை. கணக்கில் அப்படி வந்தது. மீரான் அதை இரண்டு நாள் உட்கார்ந்து வரி வரியாகப் பார்த்துச் சரி என்றார். தேவசகாயம் அதன் நயத்தை அளந்து பார்த்தார். ஆறு. அவரால் அதைத் தாங்கவே முடியவில்லை, மற்ற முப்பத்துமூன்றும் சீராக ஓட, இது ஒன்று மட்டும் நொண்டுகிறதே என்றார்.

குறித்த நாளில் குறித்த நேரத்தில் விழா நடந்தது. சுடலைமணி புதுச் சட்டையோடு தொட்டிக்குள் இறங்கினான். நாலு நிமிடம் பத்து விநாடி வந்தது, போனது. முள் ஒன்பதில் அசையாமல் நின்றது. ஐந்தாவது நிமிடம் ஊர்க்குழாயில் காற்று இருமியது, செம்மண் கலங்கலாகக் கொஞ்சம் துப்பியது, பிறகு கண்ணாடி மாதிரித் தண்ணீர் கொட்டியது. பொம்பளைகள் குடத்தைப் போட்டுவிட்டுக் குழாயடியில் தலையைக் கொடுத்தார்கள். முந்தின வாரம் மண்ணள்ளிப் போட்டவள் என்று சொன்ன வாயெல்லாம் இப்போது ஆவுடை ஆவுடை என்றது. அவள் அதை நன்றாகவே அனுபவித்தாள். அடக்கமாக இருக்க அவளுக்கு எந்தக் காரணமும் தெரியவில்லை.

அந்த மாதமே சட்டம் மாறியது. எண்பதுக்கு மேல் வாங்கிய பழைய நிரூபணங்கள் எல்லாவற்றையும் வரி பார்க்க வேண்டும். நாற்பது நயம் இல்லாதவரும் எதிர்த்துக் கையெழுத்துப் போடலாம். மூன்றாவது மாடியில் ஆறு பேர் அறுபது பேர் ஆனார்கள், தலைமை ஆவுடை. பதவி உயர்வுக்கு நயம் மறுபடி அளக்க வேண்டும் என்பதால் நயமானி அறைக்குப் போனாள்.

அங்கே ஜெபராணி என்ற புதுப் பெண் இருந்தாள். பட்டையைக் கட்டி, அளந்து, திரையைப் பார்த்து, மறுபடி அளந்தாள். பிறகு பழைய மூன்று சோதனைகளின் பதிவையும் எடுத்துப் பார்த்தாள்.

"அக்கா, ஒண்ணு கேக்கட்டுமா? முதல்ல மூணு நிமிசம் சும்மா உக்காரச் சொல்லுவோம்ல, அப்ப என்ன பண்ணுவீங்க?"

சும்மாதான் இருப்பேன் என்றாள் ஆவுடை. சும்மா என்றால்? எதிர்ச் சுவரில் காற்றுக்கு ஓட்டை விட்ட கற்கள் இருக்கின்றன, வரிசைக்குப் பதினேழு. அதை எப்படியெல்லாம் பிரிக்கலாம், எப்படிப் பிரித்தால் மிச்சம் வராது என்று பார்ப்பாள். எல்லோரும் அதைத்தானே செய்வார்கள்.

"யாரும் செய்ய மாட்டாங்கக்கா." ஜெபராணி திரையை அவள் பக்கம் திருப்பினாள். "சும்மா இருக்கும்போது எவ்வளவு இருக்குன்னு எடுத்து, நிரூபணம் காட்டும்போது எவ்வளவு கூடுதுன்னு கழிச்சித்தான் இந்த மெஷின் நம்பர் சொல்லும். உங்களுக்குச் சும்மா இருக்கும்போதே தொண்ணூத்தெட்டு. அதுக்கு மேல ஏற இடமில்ல. அதான் கழிச்சா சுழி வருது. நீங்க எப்பவுமே அங்கதான் இருக்கீங்க."

ஆவுடை அந்தக் கோட்டைப் பார்த்தாள். நெற்றிக்குப் பின்னால் எந்நேரமும் இருக்கும் அந்த அழுத்தம் அவளுக்குத் தெரியும். இத்தனை வருடம் அதை ஒற்றைத் தலைவலி என்று நினைத்து மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"மாத்திரட்டுமாக்கா? இந்த அவையிலயே உங்களதுதான் பெருசு. மீரான் சார விட."

ஆவுடைக்கு ஆசையாகத்தான் இருந்தது. அந்த வரனின் அம்மாவை ஒரு நிமிடம் நினைத்தாள். கேண்டீனை நினைத்தாள். பிறகு, மேஜையில் காத்திருக்கும் கட்டுகளை நினைத்தாள், அவற்றில் அவள் போடப்போகும் கையெழுத்துகளை நினைத்தாள்.

"தொண்ணூத்தெட்டுன்னு போட்டா என்ன ஆவும் தெரியுமா? நான் சொல்றத எவனும் படிச்சிப் பாக்க மாட்டான். அந்தம்மா சொன்னா சரியாத்தான் இருக்கும்பான். ஒருநாள் நான் தப்புப் பண்ணுவேன்ல?" பட்டையைக் கழற்றி அவள் கையில் கொடுத்தாள். "சுழின்னே எழுது."

ஜெபராணி எழுதினாள். ஆவுடை மாடியேறிப் போய், காகிதக் கட்டுகளில் மேலே இருந்ததை எடுத்தாள். நயம் தொண்ணூற்றைந்து, ஏதோ ஒரு பாலத்துக்கானது. பென்சிலைச் சீவிக்கொண்டு முதல் வரியிலிருந்து ஆரம்பித்தாள்.